ராஜபார்ட் கட்டுமா ரோபோ?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நாடகம் வைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மகன், "இன்னும் பத்து வருசத்தில் மனுசன் மாதிரியே ஒரு ரோபோ வந்து ராஜபார்ட் (கதாநாயகன் வேடம்) கட்டிடும்ப்பா" என்கிறான். நடக்குமா ஐயா?
– சாயல்குடி வாசகர்

பதில்: மேடை ஏறுவது எப்போதோ நடந்துவிட்டது. 2008இல் ஹோண்டாவின் அசிமோ என்ற ரோபோ, அமெரிக்காவில் டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவுக்கு முன்னால் நின்று கையசைத்து ஒரு பாட்டை நடத்தியது. 2010இல் ஜப்பானில் ஓரிசா ஹிராட்டாவின் 'சயோனாரா' நாடகத்தில், சாகக் கிடக்கும் ஒரு பெண்ணுக்குக் கவிதை வாசிக்கும் வேடம் ஜெமினாய்டு எஃப் என்ற பெண்ணுருவ ரோபோவுக்கு. ஆனால் குரலும் முகபாவமும் மறைவில் இருந்த ஒரு நடிகை கொடுத்தவை. தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் இருப்பவர் பாவையைப் பேச வைப்பாரே, கிட்டத்தட்ட அதேதான்.

2023 ஜூனில் சியோலில் எவர் 6 என்ற ரோபோ கொரியாவின் தேசிய இசைக்குழுவையே நடத்தியது. மனித நடத்துநர் ஒருவரின் கையசைவைப் பதிவு செய்து அதற்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். தாளம் பிசகவில்லை, சரி. ஆனால் வாசிப்பது அதன் காதில் விழாது.

அந்தக் காதுதான் நம் நாடகத்துக்கு உயிர். 'வள்ளி திருமணம்' மாதிரியான ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகி ஸ்திரீபார்ட் ஒரு ஊர், சிரிக்க வைக்கும் பபூன் இன்னொரு ஊர். அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். மூக்கையூர்ப் பக்கம் ஒரு நாடகத்தில், நாரதரோடு தர்க்கம் நடக்கும் நேரத்தில் கடல்காற்று தூக்கிப் போட்டு வள்ளிக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேல்ஸ்தாயிக்குப் போகப் போகிறார், குரல் வராது என்பது ஆர்மோனியக்காரருக்கு அவர் மூச்சு எடுத்த விதத்திலேயே புரிந்துவிட்டது. வள்ளி வாயைத் திறப்பதற்குள் அவரே அந்த வரியைப் பின்பாட்டாக எடுத்துப் பாட, நாரதர் சப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டே நாலு வசனத்தை இழுத்து வள்ளிக்குத் தண்ணீர் குடிக்க நேரம் வாங்கிக் கொடுத்தார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. மகனிடம் இதைச் சொல்லுங்கள். வேடம் கட்டுவது சுலபம், அந்த மூச்சைக் கேட்பதுதான் வேலை.

கேள்வி: நான் பரதம் கற்கும் மாணவி. ரோபோவுக்கும் கலைஞர் ஆகணும் என்ற ஆசை வருமா?
– பாம்பன் வாசகி

பதில்: காதைப் பற்றி மேலே சொன்னேனே, கேட்டு வாசிக்கிற ரோபோவும் இருக்கிறதம்மா. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் கில் வைன்பெர்க் குழு செய்த ஷிமோன், நாலு கையால் மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தை வாசிக்கும். கூட வாசிப்பவர் என்ன வாசிக்கிறார் என்று கவனித்து அங்கேயே பதில் வாசிக்கும். அதனால் 'இயந்திரத்தால் முடியவே முடியாது' என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆசை வேறு. ஷிமோன் மேடை ஏறணும் என்பது அதைச் செய்தவர்களின் ஆசை. முந்தின நாள் அரைமண்டியில் நின்ற தொடை வலி போகாமலே, யாரும் கூப்பிடாமலே மறுநாள் வகுப்புக்குப் போகிறீர்களே, அப்படிப் போகும் ஒரு ரோபோவை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

கேள்வி: சீனாவில் ரோபோக்கள் ஆடியதைப் பார்த்தேன். நம் கலைஞர்கள் பிழைப்பு போய்விடுமோ?
– தொண்டி வாசகர்

பதில்: 2025 வசந்த விழாவில் 16 ரோபோக்கள் கைக்குட்டை சுழற்றி யாங்கோ என்ற நாட்டுப்புற ஆட்டம் ஆடினவே, அதுதானே? நானும் ரசித்தேன். என் கவலை அதுவல்ல. நாடகத்துக்கு என்று இருந்த திருவிழா ராத்திரியை ஊர்க் கமிட்டியே ஸ்பீக்கர் செட்டுக்குக் கொடுத்துவிடுகிறதே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அடுத்த தடவை உங்கள் பக்கம் நாடகம் என்றால் பத்து மணிக்கே போய், ஆர்மோனியக்காரர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்துப் பாயை விரித்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.