இக்தியோசார் பலகையில் எது எலும்பு, எது பிளாஸ்டர்?

"எங்கள் கல்லூரி நிலவியல் துறையில் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய இக்தியோசார் (டைனோசார் காலத்துக் கடல் ஊர்வன) புதைபடிவப் பாறைப் பலகை ஒன்று இருக்கிறது. ஓர் எலும்புகூடக் குறையாமல் இருப்பதே சந்தேகமாக இருக்கிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?" என்று ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார்.

சந்தேகம் நியாயமானதுதான். தாமஸ் ஹாக்கின்ஸ் என்பவரின் புதைபடிவச் சேகரிப்பை 1834இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1,300 பவுனுக்கு மேல் கொடுத்து வாங்கியது. வந்து சேர்ந்த பிறகுதான், விடுபட்ட இடங்களைப் பிளாஸ்டரால் நிரப்பி நிறம் பூசியிருப்பதைப் பொறுப்பாளர் சார்லஸ் கோனிக் கண்டார். பெரிய சர்ச்சையாயிற்று. ஆனாலும் அந்த எலும்புக்கூடுகள் ஒதுக்கப்படவில்லை, ஏனென்றால் மீதி எலும்பெல்லாம் அசல். உங்கள் பலகையையும் எலும்பு எலும்பாகத்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில் வாலைப் பாருங்கள். ஜுராசிக் கால இக்தியோசாரின் முதுகெலும்பு வால்பக்கம் கீழ்நோக்கி வளையும். ஆரம்பக் காலத்தில் அதை முறிவு என்று நினைத்து நேராக்கி ஒட்டியவர்கள் உண்டு. அடுத்து துடுப்பு. அசலில் சிறு எலும்புகள் ஓடு பதித்ததுபோல நெருங்கி, நுனிக்குப் போகப்போக சிறுத்துக்கொண்டே வரும். ஒரே அளவில் வரிசையாக இருந்தால் கைவேலை. உடைந்த விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால் எலும்பில் பஞ்சு போன்ற துளைகள் தெரியும், பிளாஸ்டரில் உருண்டையான காற்றுக் குமிழிகள்.

அப்புறம் இருட்டறையில், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து, புற ஊதா விளக்கு அடியுங்கள். பழைய அரக்கு ஆரஞ்சாக ஒளிரும். ஒட்டுப்போட்ட இடங்களும் பூச்சும் சுற்றியுள்ள பாறையிலிருந்து தனித்துத் தெரியும். உள்ளே கம்பி இருக்கிறதா என்று எக்ஸ்ரே காட்டிவிடும். பெயின்டைச் சுரண்ட வேண்டாம், தயவுசெய்து! அதைப் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுங்கள்.

முழுப் பலகையும் பிளாஸ்டர் வார்ப்பு என்று தெரிந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் 1818இல் கிடைத்த இக்தியோசார் 1941 குண்டுவீச்சில் அழிந்தது. அதன் பழைய வார்ப்புகள் யேல் பல்கலைக்கழகத்திலும் பெர்லினிலும் இருப்பதை 2022இல்தான் அறிவித்தார்கள். அந்த எலும்புக்கூட்டை முப்பரிமாணத்தில் காட்ட இன்று அறியப்பட்டவை அவைதான்.

சோதனை முடிந்ததும் பலகையைக் கோட்டுப்படமாக வரைந்து, பிளாஸ்டர் பகுதிகளை மட்டும் வேறு நிறத்தில் தீட்டி, பக்கத்திலேயே மாட்டுங்கள். மாணவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.