வாசகர் கேள்வி: இட்லித் தட்டுக்கும் கார்ப்பந்தயத்துக்கும் ஒரே அளவுகோலா?

கேள்வி (க. ரா., பெரம்பூர்): எங்கள் கல்லூரி இதழில், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோல் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன். காட்சி, இசை, கதை, கட்டுப்பாடு, விளையாடும் நேரம் என ஐந்து தலைப்புகளில் தலா பத்து மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறேன். இந்தக் கணக்கில் கார்ப்பந்தய விளையாட்டான 'கிரான் டூரிஸ்மோ 7'-ஐவிடச் சமையல் விளையாட்டான 'வெண்பா' மிகவும் பின்தங்கிவிட்டது. எங்கள் தமிழ் ஆசிரியர் சண்டைக்கு வருகிறார். என் முறை சரிதானா?

பதில்: நான் உங்கள் ஆசிரியர் கட்சி. 2023-இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையலின் வழியாகச் சொல்லி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. எழுத்து அழிந்துபோன அம்மாவின் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இதை மயிலாப்பூர்ப் பாட்டி ஒரு நொடியில் செய்துவிடுவார். ஆனால் கையில் கன்ட்ரோலரோடு தடுமாறும் அந்த நிமிடத்தில்தான், வழிவழியாக வந்த ஒன்று கைநழுவிப் போவதன் வலி நமக்குப் புரிகிறது. இதற்கு 'விளையாடும் நேரம்' என்ற தலைப்பில் இரண்டு மதிப்பெண் போடுவது, சிறுகதையைப் பக்கக் கணக்கில் குறைசொல்வதற்குச் சமம்.

கார்ப்பந்தயத்தில் கதையைத் தேட வேண்டியதில்லை. பிளேஸ்டேஷன் 5-இல் 'கிரான் டூரிஸ்மோ 7' ஆடும்போது, பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தினால் கன்ட்ரோலரின் இடது விசை விரலடியில் அதிர்கிறது. வளைவுக்கு முன் எவ்வளவு வேகம் குறைக்கலாம் என்பதைக் கண்ணைவிட விரல் முந்திக் கற்றுக்கொள்கிறது. அந்த வகை விளையாட்டின் உயிர் அதில் இருக்கிறது என்பதால், விமர்சனத்தில் பாதி இடத்தை அதற்கே கொடுத்தாலும் தகும்.

சண்டை விளையாட்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். அவை பெரும்பாலும் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள், என்ற வேகத்தில் ஓடுகின்றன. ஒரு பிரேம் ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. மிக வேகமான குத்து நான்கைந்து பிரேமில் விழுந்துவிடும். ஒருமுறை நான் வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் அப்படியொரு விளையாட்டை ஆடிவிட்டு, "கட்டுப்பாடு மந்தம்" என்று எழுதி முடித்திருந்தேன். மாடி வீட்டுப் பையன் வந்து, "அங்கிள், கேம் மோடு போடவே இல்லையே" என்று, படம் தாமதமாக வருவதைக் குறைக்கும் அந்த அமைப்பின் பொத்தானை அழுத்தினான். படத்தை மெருகேற்றத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்ட நேரத்தை விளையாட்டின் தலையில் கட்டியிருந்தேன்! கட்டுரையைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆடினேன்.

கேள்வி (அதே வாசகர்): முழுவதும் ஆடி முடித்த பிறகுதான் எழுத வேண்டுமா?

பதில்: 'வெண்பா'வை முடிக்காமல் எழுதினால் மன்னிப்பே கிடையாது. 'எல்டன் ரிங்' போன்ற பரந்த உலகத்தைப் பல பத்து மணி நேரம் ஆடியும் முடிக்க முடியவில்லையென்றால், எத்தனை மணி நேரம், எந்த இடம் வரை ஆடினீர்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (ஒரு வாசகி, குரோம்பேட்டை): எந்தக் கன்சோலில் ஆடினோம் என்று குறிப்பிடுவது அவ்வளவு முக்கியமா?

பதில்: 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளிவரும் முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பே தரப்பட்டது, அவர்களின் பாராட்டை நம்பிப் பிளேஸ்டேஷன் 4-க்கு வாங்கியவர்கள் கண்டதோ தடுமாறி நிற்கும் ஆட்டம். அதே மாதத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து விலக்கி, 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. புது விளையாட்டு ஒன்று ஐயாயிரம் ரூபாயைத் தொடும் நாளில், ரிச்சி தெருவில் பழைய கன்சோல் வாங்கி வைத்திருக்கும் மாணவரும் உங்கள் விமர்சனத்தைப் படித்துத்தான் பணத்தை எடுப்பார். கன்சோலின் பெயரைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போட்டுவிடுங்கள்.