சொன்னால்தான் செய்கிறான், சொல்லாவிட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறான். ஆட்டிசம் உள்ள என் மாணவனை எப்படித் தானாகச் செய்ய வைப்பது?

உங்கள் மாணவனுக்கு வேலை தெரியாமல் இல்லை என்றே நினைக்கிறேன். "நோட்டை எடு", "தேதி எழுது" என்று ஒவ்வொன்றுக்கும் எடுத்துக் கொடுத்துப் பழகியதில் உங்கள் குரலும் அந்த வேலையோடு சேர்ந்துவிட்டது. குரல் வரும்வரை அவன் காத்திருக்கிறான், அவ்வளவுதான். இதைப் பிடிவாதம் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாயால் சொல்வதுதான் நமக்குச் சுலபமான தூண்டல் (செய்ய வைக்கக் கொடுக்கும் உதவி). நிறுத்துவதற்குக் கஷ்டமானதும் அதுவே. கைபிடித்து எழுத வைத்தால், பிடியை மணிக்கட்டுக்கு, முழங்கைக்கு என்று நகர்த்தி விட்டுவிடலாம் (தொடுவது அவனுக்குப் பிடிக்காவிட்டால் அந்த வழியே வேண்டாம்). பேச்சை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவது கஷ்டம். அதனால் படிகளைப் படங்களாக மேசையில் வரிசையாக ஒட்டுங்கள். நின்றுவிட்டால், அவனுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி அடுத்த படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். பேச வேண்டாம். பின்னால் நின்றால் உங்கள் முகத்தில் அவன் விடை தேடவும் முடியாது. நம் கண் சரியான விடைப் பக்கம் போவதைக்கூடப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உதவிக்கு முன்னால் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் எழுதியது: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. சாதாரண வகுப்புகளிலேயே இப்படி என்றால் உங்கள் மாணவனுக்கு அந்த நேரம் எவ்வளவு தேவைப்படும்!

புதிய பாடமென்றால் முதலில் கேள்வியோடு சேர்த்தே விடையைக் காட்டிவிடுங்கள், தவறு பழகாமல் இருக்கும். அது சரியாகப் போனதும் கேட்டுவிட்டு 4 நொடி சும்மா இருங்கள். பிறகுதான் உதவி. பெருமூளை வாதம் (உடல் அசைவைப் பாதிக்கும் நிலை) உள்ள பிள்ளையென்றால் இது போதாது, கை நகரவே இன்னும் நேரமாகும்.

உதவி இல்லாமல் செய்த அந்த நொடியிலேயே மனதாரப் பாராட்டுங்கள்.

எல்லா உதவியையும் விலக்க வேண்டுமென்பதில்லை. மேசையில் ஒட்டிய அந்தப் பட வரிசை அவனுக்கு மூக்குக் கண்ணாடி மாதிரி, எத்தனை வருடமானாலும் இருக்கட்டும். உங்கள் குரலை மட்டும் குறையுங்கள். அப்புறம், எந்தப் படியில் என்ன உதவி தேவைப்பட்டது என்று தினமும் ஒரு வரி குறித்து உதவி ஆசிரியருக்கும் வீட்டுக்கும் காட்டுங்கள். நீங்கள் நிறுத்தியதை வேறொருவர் சொல்லிக்கொண்டிருந்தால் அவன் பழையபடி காத்திருக்கத் தொடங்கிவிடுவான்.