எந்த கிரீன் டீ, எப்போது?

கேள்வி: எனக்கு 43 வயது. ஹீமோகுளோபின் 9.6 என்பதால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். உடல் எடை குறைய, காலையில் வெறும் வயிற்றிலும் இரவு சாப்பிட்டதும் கிரீன் டீ குடிக்கிறேன். காலையில் குமட்டுகிறது, இரவில் தூக்கம் வருவதில்லை. கடையில் சென்ச்சா, மாட்சா, ஹோஜிச்சா, மல்லிகை என்று பல வகைகள் இருக்கின்றன. எனக்கு எது ஏற்றது? - ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்களுக்கு வகையைவிட நேரம்தான் முக்கியம். முதலில் நேரத்தை மாற்றுங்கள்.

கிரீன் டீயில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் கீரை, பயறு, மாத்திரை ஆகியவற்றில் இருக்கும் இரும்போடு குடலிலேயே ஒட்டிக்கொள்கின்றன. அந்த இரும்பு ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். இரவு உணவோடு ஒட்டி டீ குடித்தால், சாப்பிட்ட கீரையின் இரும்பில் பெரும்பகுதி வீண். மாத்திரைக்கும் டீக்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் 1 மணி நேரம். காலை 11 மணியும் மாலை 4 மணியும் உங்களுக்குச் சரியாக வரும். வெறும் வயிற்றில் குமட்டுவதும் இதே துவர்ப்புப் பொருள்களால்தான். காலை டீயை 11 மணிக்குத் தள்ளினாலே அது பெரும்பாலும் நின்றுவிடும்.

தூக்கம் கெடுவதற்குக் காரணம் காஃபீன். குடித்ததில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். வகை பார்த்து வாங்க வேண்டியது இதற்காகத்தான்.

எல்லாமே ஒரே தேயிலைச் செடிதான். பறித்த இலையைச் சீக்கிரமே சூடுபடுத்தி, அது கறுக்காமல் நிறுத்துகிறார்கள். சீனாவில் லோங்ஜிங் போன்றவற்றை இரும்புச் சட்டியில் வறுப்பார்கள். ஜப்பானில் சென்ச்சாவை ஆவியில் வேகவைப்பார்கள். சென்ச்சா ஒரு கோப்பையில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். மாட்சாவுக்குப் பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பே செடிக்கு நிழல் போட்டு வளர்த்து, இலையை மாவாக அரைக்கிறார்கள். வடிகட்டாமல் இலையையே குடிப்பதால் 2 கிராம் பொடியில் 60 மில்லிகிராம் வரை காஃபீன் வந்துவிடும். உங்களுக்கு அது வேண்டாம். ஹோஜிச்சா வறுத்த இலை. காஃபீனும் துவர்ப்பும் குறைவு. மாலைக்கு அதையே வாங்குங்கள். மல்லிகை டீ என்பது பூவின் மணம் ஏற்றிய கிரீன் டீதான். மணம் ஏறுவதால் காஃபீன் குறையாது.

பலர் இலையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். கசப்பதும் வயிற்றைப் புரட்டுவதும் அதனால்தான். கொதித்த நீரை டம்ளருக்கு டம்ளர் இரண்டு முறை ஆற்றினால் ஏறத்தாழ 80 டிகிரிக்கு இறங்கும். 200 மில்லி நீருக்கு 2 கிராம் இலை, அதாவது ஒரு டீஸ்பூன் போட்டு, 2 நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். டீ பையாக இருந்தால் பிழியாதீர்கள். ஹோஜிச்சாவுக்கு மட்டும் கொதிநீரே ஊற்றலாம்.

எடையைப் பொறுத்தவரை உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க மனமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கிரீன் டீயால் குறையும் எடை மிகச் சொற்பம் என்றே முடிவு செய்தது. சர்க்கரையும் பாலும் போட்ட டீக்குப் பதிலாகக் குடித்தால், அந்தச் சர்க்கரை மிச்சமாவதே லாபம். யாராவது கிரீன் டீ சாறு மாத்திரையைச் சிபாரிசு செய்தால் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. (கிரீன் டீயில் உள்ள முக்கியப் பாலிஃபீனால்) அல்லது அதற்கு மேல் மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்திருக்கிறது. கோப்பையில் வடித்துக் குடிக்கும் டீக்கு அந்தப் பயம் பொதுவாக இல்லை. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), நாடோலால் (ரத்த அழுத்தத்துக்கானது) மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம்.

டீயை விட எனக்குக் கவலை தருவது அந்த 9.6தான். பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. மாதவிடாயில் அதிகம் போகிறதா, மூலத்தில் ரத்தக் கசிவு உண்டா என்று உங்கள் மருத்துவரிடம் காட்டி, உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நேரத்தை மாற்றி 4 வாரம் கழித்து ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் 9.6 என்பது 10.6 ஆகக்கூட ஏறவில்லை என்றால், காரணம் டீயில் இல்லை.