சீல் கிட் இரண்டு முறை மாற்றியும் ரிக் வண்டியின் ஜாக் இறங்குகிறது. சீல்தான் மட்டமா?

போர் போட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டியைத் தூக்கி நிறுத்தும் பின்பக்க ஹைட்ராலிக் ஜாக் ஒன்று மெல்ல இறங்கி வண்டி சாய்கிறது, ஒரே மாதத்தில் இரண்டு சீல் கிட் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்களின் செட்) போட்டும் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். திருச்செங்கோட்டில் 18 வருடமாக ரிக் சிலிண்டர் பிரித்து மாட்டுவதுதான் என் வேலை. மூன்றாவது கிட் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஜாக் தரையில் ஊன்றி நிற்கும்போது வண்டியின் எடையைத் தாங்குவது பிஸ்டனுக்கு மேலே அடைபட்டிருக்கும் ஆயில். அந்த ஆயில் குறைந்தால்தான் ஜாக் இறங்கும். அது போவதற்கு மூன்று வழி உண்டு. வெளியே ஒழுகலாம், அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிஸ்டன் சீலைத் தாண்டி, பிஸ்டனோடு சேர்ந்து நீண்டு மடங்கும் தண்டான ராடு இருக்கும் பக்கம் போகலாம். லாக் வால்வு வழியாக டேங்குக்கே திரும்பிப் போகலாம். நீங்கள் இரண்டு முறையும் சீலை மட்டும்தான் மாற்றியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் மூன்றாவது வழி மேல்.

டிரைவர் பிடிக்கிற லீவருக்குக் கீழே இருக்கும் கண்ட்ரோல் வால்வு எடையைப் பிடித்து நிறுத்தாது. அதற்குள் ஸ்பூல் என்ற உருளைத் தண்டு ஓட வேண்டும் என்றால் சுற்றிலும் சில மைக்ரான் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடுக்கில் ஆயில் எப்போதும் கசியும், புது வால்விலும் கசியும். அதனால்தான் சிலிண்டர் தலையிலேயே லாக் வால்வு என்று ஒரு சின்ன பிளாக் வைக்கிறார்கள். அதற்குள் கூம்பு மாதிரி ஒரு எஃகுத் துண்டு தன் சீட்டில் போய் அழுத்தி உட்காரும். ஜாக்கின் மேல் வரும் எடையைப் பிடித்து நிற்பது அந்தச் சீட்டின் ஒரு மெல்லிய வளையம். அதில் ஒரு துகள் சிக்கினால் போதும், ஜாக் இறங்கும்.

நான் தனியாகப் பட்டறை போட்ட முதல் வருடம் இதே புகாரோடு ஒரு வண்டி வந்தது. நானும் இரண்டு கிட் மாற்றினேன். மூன்றாவது முறை லாக் வால்வைக் கழற்றியபோது சீட்டில் வெள்ளையாக ஒரு இழை ஒட்டியிருந்தது, டெஃப்லான் டேப். ஃபிட்டிங் மரையில் அந்த டேப்பைச் சுற்றியது நான்தான். இரண்டு கிட் காசையும் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் பட்டறையில் ஹைட்ராலிக் மரைக்கு டேப் சுற்றுவதே இல்லை.

இனி பிஸ்டன் சீல். இரண்டு பக்கப் போர்ட்டையும் (ஆயில் போய்வரும் துளை) பூட்டுகிற லாக் வால்வு என்றால், பிஸ்டன் சீல் முழுதாகப் போனாலும் ஜாக் ஒரேயடியாக இறங்கிவிடாது. நம்பச் சிரமமாக இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ராடு உள்ளே நுழைய வேண்டும் என்றால் அதன் பருமனுக்கு ஆயில் வெளியேற வேண்டும். இரண்டு போர்ட்டும் மூடியிருந்தால் அது எங்கே போகும்? ஆனால் எடையைத் தாங்கும் பரப்பு பிஸ்டனிலிருந்து ராடுக்குச் சுருங்கிவிடும். 100 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 60 மி.மீ. ராடு, 8 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். சீல் நன்றாக இருக்கும்போது அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 102 கிலோ. சீல் போய்விட்டால் அதுவே 283. அழுத்தம் ஏறுகிற அளவுக்கு ஆயில் சுருங்கி ஜாக் கொஞ்சம் இறங்கி நிற்கும். ஆனால் அதுவரை அழுத்தமே பார்க்காமல் இருந்த ராடு சீல் (ராடு வெளியே வரும் வாயில் இருப்பது) அந்த 283 முழுவதையும் வாங்கும். ராடு சீல் திரும்பத் திரும்பப் பிய்ந்தால் பிஸ்டன் சீலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் பூட்டுகிற வால்வு என்றால் கதை வேறு. பிஸ்டனைத் தாண்டுகிற ஆயில் ராடு பக்க ஹோஸ் வழியாக டேங்குக்குப் போய்விடும், ஜாக் இறங்கும்.

எது என்று தெரிந்துகொள்ள, முதலில் சேஸிஸுக்கு அடியில் கட்டை அடுக்கி எடையை ஜாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்தி லீவரை ஆட்டிவிட்டால் அழுத்தம் போய்விடும் என்று நினைத்து ஹோஸைக் கழற்றாதீர்கள். லாக் வால்வுக்குப் பின்னால் அழுத்தம் அப்படியே இருக்கும். ஜாக்கைக் கடைசி வரை நீட்டி, எஞ்சினை நிறுத்தி, ராடு பக்க ஹோஸை அரை மரை தளர்த்திக் காத்திருங்கள். பிறகு கழற்றி, ஹோஸ் வாயை பிளக் போட்டு அடைத்துவிட்டு, திரும்ப நீட்டும் பக்கம் அழுத்தம் கொடுங்கள். போர்ட்டிலிருந்து கொஞ்சம் வடிந்து நின்றுவிட்டால் பிஸ்டன் சீல் நன்றாக இருக்கிறது, லாக் வால்வைப் பிரியுங்கள். நிற்காமல் வந்தால் சீல். சிலிண்டர் டியூப் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளையில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

சீல்தான் காரணம் என்று தெரிந்தாலும், அது ஏன் போனது என்று பார்க்காமல் புதிதைப் போடாதீர்கள். நம் வண்டிகளில் பெரும்பாலும் கல் தூள்தான் காரணம். ஹேமர் அடிக்கும்போது கருங்கல் மாவு பறந்து வந்து ராடில் அப்பிக்கொள்ளும், ஜாக்கை மடக்கும்போது அது உள்ளே போகும். அதைத் தடுக்க இருப்பது ராடைத் துடைத்துவிடும் வைப்பர் வளையம் ஒன்றுதான். கிட்டிலேயே விலை குறைந்த சாமான், அதனாலேயே பழையதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ராடை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தக் கோடு புது சீலையும் சில நாளில் அறுத்துவிடும், ஹார்டு குரோம் போட்டே ஆக வேண்டும். ராடை நேராகப் பிடித்து வைக்கும் கைடு ரிங் தேய்ந்திருந்தால் ராடு ஒரு பக்கம் சாயும், சீலின் அடிப்பக்கம் இடுக்கில் பிதுங்கிக் கடிபடும்.

ஆங்கில U வடிவில் இருக்கும் யூ சீலின் வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஆயில் அழுத்த அழுத்த அந்த உதடு விரிந்து இறுக்கிப் பிடிக்கும். லண்டனில் ஜோசப் பிராமா 1795இல் காப்புரிமை வாங்கிய ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஒழுகலை நிறுத்தியதும் இதே மாதிரி ஒரு தோல் கிண்ணம்தான். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே செய்தது என்பார்கள். ராடு வெளியே வரும்போது லேசான ஆயில் பூச்சு இருப்பது நல்லது. துடைத்து வைத்த மாதிரி காய்ந்து வந்தால் சீல் சூடாகித் தேயும். சொட்டாகத் திரண்டு வடிந்தால்தான் கசிவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பகலில் சூடேறிய ஆயில் ராத்திரி 30 டிகிரி குறைந்தால் கிட்டத்தட்ட 2 சதவீதம் சுருங்கும். அரை மீட்டர் நீட்டிய ஜாக் எந்தக் கசிவும் இல்லாமலே 1 செ.மீ. இறங்கிவிடும். ராத்திரியில் மட்டும் இவ்வளவு இறங்கி அதோடு நின்றால் எதையும் பிரிக்க வேண்டாம். உங்களுடையது போர் போடும்போதே இறங்குவதால் இது காரணமாக இருக்காது.

போர்ட்டில் ஆயில் வந்ததா, லாக் வால்வு ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். போர், ராடு அளவையும் சேர்த்து எழுதினால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.