ஒலிம்பிக்கும் ஒரு டின் பால் பவுடரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பெரிய விளையாட்டுப் போட்டி எந்த நாட்டில் நடந்தாலும் அங்கே பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போடுகிறார்கள் என்று எழுதுகிறீர்கள். விருந்தாளி வந்தால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளத்தானே செய்வோம்? இரண்டு வாரம் அடக்கி வாசித்தால் என்ன குடி முழுகிவிடும்? வெளிநாட்டு நிருபர்களும் குறை சொல்லத்தானே வருகிறார்கள். இன்னொன்று, பிளஸ் டூ முடித்த என் மகன் விளையாட்டு நிருபராக வேண்டும் என்கிறான். விடலாமா?

ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மேசையில் ஒரு பால் பவுடர் டின் இருந்தது. தங்கையின் பேரனுக்கு வாங்கியது. அந்த டின்னைப் பார்த்தாலே எனக்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஞாபகம் வந்துவிடும்.

வெளிநாட்டு நிருபர்களை விடுங்கள். அங்கே பத்திரிகையாளர் மையத்தில் சில இணையதளங்கள் திறக்கவில்லை என்று அவர்கள் போட்ட சத்தம் உலகத்துக்கே கேட்டது. பேட்டி கொடுப்பவர் சம்மதித்தால் போதும் என்று 2007 ஜனவரியிலிருந்தே அவர்களுக்கு விதியைத் தளர்த்தியிருந்தார்கள். சீன நிருபர்களுக்கு அந்தத் தளர்வு கிடையாது. குடி முழுகியது அதனால்தான்.

சான்லு என்பது அப்போது சீனாவில் பெரிய பால் கம்பெனி; குழந்தைகளுக்கான பால் பவுடரும் விற்றது. தண்ணீர் கலந்த பாலில் புரதம் இருப்பதுபோல் காட்ட மெலமைன் கலந்திருந்தது. சோதனையில் அளப்பது நைட்ரஜனைத்தான். மெலமைனில் அது ஏராளம். பிளாஸ்டிக் தட்டு செய்கிற சரக்கு, பச்சைக் குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல்லாகக் கட்டியது. 'சதர்ன் வீக்கெண்ட்' பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவரான ஃபூ ஜியான்ஃபெங்குக்கு ஜூலை இறுதியிலேயே இது தெரியும். ஒலிம்பிக் நேரம், போட முடியவில்லை. பிறகு அவரே தன் வலைப்பதிவில் எழுதினார்.

ஆகஸ்ட் 2 அன்று நகர நிர்வாகத்துக்கும் கம்பெனி சொல்லிவிட்டது. 8ஆம் தேதி ஒலிம்பிக் தொடக்க விழா, வாணவேடிக்கை. கம்பெனியில் பங்கு வைத்திருந்தது ஒரு நியூசிலாந்து நிறுவனம். அந்த நாட்டு அரசு செப்டம்பர் 8 அன்று பெய்ஜிங்கிடம் நேராகச் சொல்ல வேண்டியிருந்தது. 11ஆம் தேதி ஷாங்காய் நிருபர் ஜியான் குவாங்ஜோ கம்பெனியின் பெயரைப் போட்டே எழுதினார்.

ஆகஸ்ட் 2இலிருந்து எண்ணினால் நாற்பது நாள். என் தங்கை நடுராத்திரியில் பால் கரைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறிய வெந்நீர். டின்னுக்குள் கிடக்கும் கரண்டியில் பவுடரை அள்ளி, குவிந்ததைக் கத்தியின் முதுகால் வழித்துவிடுவாள். ஒரு துளியைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்ப்பாள். அந்தத் தாய்மார்களும் அப்படித்தானே அளந்திருப்பார்கள்? நாளைக்கு ஆறு வேளை என்றால், நாற்பது நாளில் 240 பாட்டில்.

சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்கு பாதிப்பு, 6 சாவு என்று அரசே சொன்னது. இதையா அழுக்குத் துணி என்கிறீர்கள்? கட்டிலுக்கு அடியில் தள்ளப்பட்டது பிள்ளைகள், தம்பி. அடக்கி வாசிக்கச் சொல்கிறவர்கள் எதை அடக்குகிறோம் என்று ஒரு தடவையாவது குனிந்து பார்க்க வேண்டாமா?

நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியும். விருந்தாளி முன்னால் மானம் காக்கிற வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தையின் தகப்பன் ஜாவ் லியன்ஹாய் மற்ற பெற்றோரைத் திரட்டியதற்கு, 2010இல் இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தார்கள். விருந்தாளிகள் போய் இரண்டு வருடம் கழித்து!

மகனை விடுங்கள். விளையாட்டே எழுதட்டும். மைதானத்துக்குப் போகிற வழியில் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருந்தால், அதன் வாசலிலும் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்