ஒரே வெப்ஹூக் நாலு தடவை வருகிறதே, ஏன்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு சின்னக் கடைகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில்.

கேள்வி (புதுச்சேரி, லாட்ஜ் தளம்): அண்ணா, பேமெண்ட் கேட்வேயிலிருந்து ஒரே வெப்ஹூக் (பணம் வந்ததும் அவர்கள் நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் தகவல்) நாலு தடவை வருகிறது. சனிக்கிழமை ஒருவருக்கு இரண்டு ரூம் புக் ஆகி, ரிசப்ஷனில் ஒரே சண்டை. அவர்கள் ஐபியை பிளாக் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, தப்பு நம் பக்கம். நீங்கள் அனுப்பிய புரோகிராமைப் பார்த்தேன். தகவல் வந்ததும் ரூம் ஒதுக்கி, பில்லை பிடிஎஃப் ஆக்கி, எஸ்எம்எஸ் அனுப்பி, எல்லாம் முடிந்த பிறகுதான் 200 ('கிடைத்தது' என்ற பதில் எண்) சொல்கிறீர்கள். அவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்கள்? வெப்ஹூக் அனுப்பும் கிட்ஹப் தளமே பதிலுக்காக 10 விநாடிக்கு மேல் நிற்காது. பதில் வரவில்லை என்றால் கேட்வே மறுபடி அனுப்பத்தான் செய்யும், அது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். நானும் இதே தப்பைச் செய்து ஒரு தீபாவளி நேரத்தில் விடிய விடிய ரீஃபண்ட் போட்டிருக்கிறேன். வந்ததை அப்படியே ஒரு டேபிளில் எழுதுங்கள், எழுதியது உறுதியானதும் 200 சொல்லுங்கள், மற்ற வேலையெல்லாம் பின்னால் க்யூவில் ஓடட்டும். அந்த டேபிளில் ஈவென்ட் ஐடிக்கு (ஒவ்வொரு தகவலோடும் வரும் எண்) யூனிக் கீ, அதாவது ஒரே ஐடி இரண்டு முறை பதிவாகாத ஏற்பாடு, போட்டுவிட்டால் ரெண்டாவது தடவை வருவது தானாக அடிபடும். அதற்கும் 200தான் சொல்ல வேண்டும், எரர் சொன்னால் திரும்ப வரும்.

கேள்வி (அதே தம்பி): அந்த யூஆர்எல்லுக்கு யார் யாரோ எதையோ அனுப்புகிறார்கள். என்ஜின்எக்ஸில் (எங்கள் வெப் சர்வர்) இத்தனை தடவைதான் வரலாம் என்று லிமிட் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. முதலில் சிக்னேச்சரை (அனுப்பியது கேட்வேதான் என்று காட்டும் குறியீடு) சரிபாருங்கள், சேரவில்லை என்றால் 401, அதாவது 'அனுமதி இல்லை' என்று சொல்லுங்கள். வந்த தகவலை ஜேசனாக (டேட்டாவை எழுதும் ஒரு வடிவம்) பிரித்து மறுபடி கோர்த்துச் சரிபார்த்தால் ஒரு ஸ்பேஸ் மாறினாலும் சேராது, அதனால் வந்த பைட்டுகளை அப்படியே எடுங்கள். லிமிட் வைக்கும்போது பர்ஸ்ட்டுக்கு (திடீரென்று மொத்தமாக வருவதற்கு) இடம் விடுங்கள், கேட்வே சில ஐபிகளிலிருந்து மொத்தமாக அனுப்பும். என்ஜின்எக்ஸ் மறுக்கும்போது வழக்கமாக 503 ('இப்போது சேவை இல்லை') சொல்லும், அதை 429 ('அளவுக்கு மீறி வருகிறது') ஆக மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (கடலூர் முதுநகர், மீன் கடை): காலை 6 மணிக்கு 'வஞ்சிரம் வந்தாச்சு' என்று வெப் புஷ் (பிரவுசர் வழியாகப் போனுக்குப் போகும் அறிவிப்பு) விட்டால் சிலருக்குச் சாயங்காலம் போய்ச் சேருகிறது. திட்டுகிறார்கள்.

பதில்: திட்டாமல் என்ன செய்வார்கள், மீன் தீர்ந்திருக்குமே! டிடிஎல்லை (செய்தி எத்தனை விநாடி காத்திருக்கலாம் என்ற அளவு) 7200 என்று வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் போன் ஆன் ஆகாவிட்டால் அந்தச் செய்தி காலாவதி. அப்புறம், அனுப்பும்போது 404 அல்லது 410 ('அந்த முகவரி இல்லை') என்று பதில் வந்த சப்ஸ்கிரிப்ஷனை (வாடிக்கையாளரின் அறிவிப்புப் பதிவு) அன்றைக்கே அழித்துவிடுங்கள். 429 வந்தால், அதோடு வரும் ரிட்ரை-ஆஃப்டர் ('இவ்வளவு நேரம் கழித்து வா') சொல்லும் நேரம்வரை பொறுங்கள். எல்லோருக்கும் ஒரே நொடியில் அனுப்பவும் வேண்டாம், அத்தனை பேரும் ஒன்றாகத் தட்டினால் உங்கள் சர்வர்தான் படுக்கும்.

கேள்வி (அதே கடை): ஐபோன்காரர்களுக்கு வரவே இல்லையே சார்?

பதில்: ஐஓஎஸ் (ஐபோனின் மென்பொருள்) 16.4 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்திருக்கவும் வேண்டும். சேர்ப்பது எப்படி என்று கடைப் பையனை விட்டு ஒவ்வொருவருக்கும் காட்டச் சொல்லுங்கள்.